முதல் குடித்தனம்

அத்தியாயம் 9

செம்பூர் வீட்டை மாரீஸ்வரி பெயருக்கு எழுதி முடித்த அன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டே ஏஜெண்ட் ஷேக் பரீத் ஒரு வார்த்தை சொன்னார்.

"வீடு வாங்குறது பாதி வேலதாம்மா. ஆள் வைக்கிறதுதான் மீதி. அதுலயும் சொந்தக்காரங்கள மட்டும் வச்சிராத. வெளியாள் வாடக குடுக்கலைன்னா கேட்டு வாங்கலாம். சொந்தக்காரன்கிட்ட கேட்டா நாமதான் கெட்டவங்க."

மாரீஸ்வரி சிரித்தாள். தன் வீட்டுக்கு ஆள் யார் என்பதை அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள்.

தாராவியில் குடியிருந்துகொண்டு, விடிவதற்குள் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போய் வீடு வீடாக ரத்தம் எடுத்து லேபில் கொண்டு சேர்ப்பது அவள் வேலை. ஊராரின் படுக்கையறை வரைக்கும் போய்வந்த அந்த வருடங்களில், மனிதர்களின் நரம்பைப் போலவே வீடுகளின் நரம்பும் அவளுக்குப் பிடிபட்டுப்போனது. எந்தச் சுவர் மழைக்கு ஓதம் அடிக்கும், எந்த பில்டிங்கில் தண்ணீர் ஒழுங்காக வரும், எந்த வீட்டில் வாடகைக்கு ஆள் நிலைக்காது என்பதெல்லாம் ஊசி குத்தும் நேரத்துக்குள் அவள் கண்ணில் பட்டுவிடும். அந்தத் துணிச்சலில்தான், முதலீடு என்ற சொல்லையே வீட்டில் யாரும் உச்சரித்திராத குடும்பத்தில், நகையை விற்று, பேங்கில் லோன் போட்டு, ஒரு அறையும் சமையலறையுமாகத் தரைத்தள வீடு ஒன்றை வாங்கினாள். வாடகை வந்தால் தவணை போகும். வாடகை நின்றால் தவணை அவள் கழுத்தைப் பிடிக்கும்.

குடிவரப் போவது மதீனா பீவியின் குடும்பம். மாரீஸ்வரி ரத்தம் எடுக்கப் போகும் வீடுகளில் ஒன்று. தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போகவேண்டிய மேல் அறையில் இருந்தார்கள். மதீனா பீவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் மகன் தாஹிர் அம்மாவை முதுகில் சுமந்து இறக்க, மருமகள் நஸீரா கீழே நின்று அவன் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைப்பாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாரீஸ்வரி தரைத்தளமாகத் தேடினாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாமான் வருகிறது. அதற்குள் வீட்டைக் கழுவிவிடலாம் என்று, துடைப்பமும் பினாயிலும் ஒரு புது பல்புமாகக் காலையிலேயே ஆட்டோ பிடித்துச் செம்பூர் வந்து இறங்கினாள் மாரீஸ்வரி. கணவன் தமிழ்செல்வன் கூட வரவில்லை. பிரஸ்ஸில் அவசர வேலை என்று அவளுக்கு முன்பே கிளம்பிவிட்டான்.

பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்திருந்தது.

வாசலில் கோலம். நிலையில் மாவிலை. உள்ளேயிருந்து ஏலக்காய் போட்ட பாலின் வாசம்.

மாரீஸ்வரி வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் நம்பரைப் பார்த்தாள். அவள் வீடுதான்.

"வாங்க மதினி" என்று ஒரு குரல் கேட்டது. "செருப்ப வெளிய போட்டுட்டு வாங்க. இப்பந்தான் தொடச்சேன்."

தமிழ்செல்வனின் தங்கை இசக்கிசெல்வி, கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். சீத்தா கேம்ப்பில் புருசன் வெயிலுமுத்துவோடு இருக்க வேண்டியவள். மகள் ஊரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். சுவரோரம் இரண்டு ட்ரங்குப் பெட்டி, ஒரு மெத்தை, சாமான் மூட்டை, சாமி படம். ஒற்றை பர்னர் மின்சார அடுப்பின் மேல் பால் பாத்திரம்.

"நீ எப்படி இங்கன?"

"பாலு காய்ச்சிட்டேன். ஒங்களுக்காவ காத்திருந்தா நல்ல நேரம் காத்திருக்குமா?"

"சாவி யாரு குடுத்தா?"

"யாரு குடுப்பா? எங்கண்ணன்தான்."

"எதுக்கு?"

"இதென்ன கேள்வி? நான் இருக்கதுக்குத்தான்."

மாரீஸ்வரி பையைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். ரத்தம் எடுக்கிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது என்பது பழகிப்போன விஷயம்.

"இசக்கி, இந்த வீட்டுக்கு ஆள் வச்சாச்சு. இன்னைக்கு வாறாவ. நீ சாமானக் கெட்டு."

"அவியள வராண்டாம்னு சொல்லிருங்க. போனுதான வச்சிருக்கிய?"

மாரீஸ்வரி போனை எடுத்துத் தமிழ்செல்வனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் ஓய்ந்தது. இசக்கி பாலை ஆற்றிக்கொண்டே அதை வேடிக்கை பார்த்தாள்.

"எடுக்க மாட்டாவ. ஒங்க வாய்க்குப் பயந்த மனுசன்."

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மாரீஸ்வரிக்கு 'ஊசிக்காரி' என்று பெயர் வைத்தவள் இந்த இசக்கி. சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எங்க ஊசிக்காரி மதினி வந்தாச்சு, எல்லாரும் கைய ஒளிச்சு வச்சுக்கிடுங்க" என்று பந்தியில் வைத்துச் சிரிப்பாள். கூட இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். மாரீஸ்வரி சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவாள்.

"மாசாமாசம் தவண கெட்டணும். நீ கெட்டுவியா?"

"அண்ணன் கெட்டுவாவ."

"ஒங்கண்ணன் சம்பளம் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுல ஒரு செங்கல் கூட அவிய காசு கெடையாது."

இசக்கியின் முகம் சிவந்தது. "ஊரார் ரத்தத்த உறிஞ்சி வீடு வாங்குனியள்லா? கூடப்பொறந்த ரத்தம் வந்து நின்னா மட்டும் கசக்குதோ?"

மாரீஸ்வரி மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய் வெளிப்படியில் போட்டாள். இசக்கி பின்னாலேயே போய் அதைத் தூக்கிவந்து பழைய இடத்தில் விரித்தாள். மாரீஸ்வரி மூட்டையை இழுத்தாள். இசக்கி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மூட்டை அவிழ்ந்து தட்டும் தம்ளருமாக வாசல்வரை உருண்டன. மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

அந்தச் சத்தத்துக்குத்தான் சொசைட்டி செக்ரெட்டரி ஜகந்நாதன் இறங்கி வந்தார். மாட்டுங்காவில் பிறந்து, ஆபீஸ் வேலையில் ரிட்டயர் ஆகி, இந்த பில்டிங்கை நிர்வகிப்பதே பிழைப்பாகிவிட்ட மனிதர்.

"என்னம்மா இது? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பாத்திரம் உருள்றது?"

"இவங்க யாருன்னு தெரியுமா சார்? யாரக் கேட்டு உள்ள விட்டீங்க?"

"உங்க ஹஸ்பெண்ட் நேத்து சாயங்காலம் வந்தாரே. சிஸ்டர்தான் இங்க இருக்கப் போறாங்கன்னார். ரொம்ப நல்லதுன்னு நானும் சொன்னேன்." ஜகந்நாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க முன்னால சொன்னீங்களே ஒரு பார்ட்டி. பேரெல்லாம் பார்த்தேன். கமிட்டில யாருக்கும் அதுல இஷ்டமில்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க, இங்க இருக்கறதெல்லாம் ஃபேமிலிஸ்."

"அவங்களும் ஃபேமிலிதான சார்?"

"நான் சொல்றது உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. மாரீஸ்வரி அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாளோ, அதற்குள் கேட்டுக்குள் டெம்போ நுழைந்துவிட்டது.

பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு தாஹிர் நின்றான். டிரைவர் பக்கத்தில் நஸீராவும், அவள் தோளில் சாய்ந்தபடி மதீனா பீவியும். நேற்றுத்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. வண்டி ஆட்டத்தில் கிழவியின் முகம் வெளுத்திருந்தது. தாஹிர் இறக்கிவந்து வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான்.

"மகளே, தரையோட தரையா இருக்கே" என்று வீட்டைப் பார்த்து மதீனா பீவி சிரித்தாள். "படியே இல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

நஸீரா சிரிக்கவில்லை. வாசலில் உருண்டு கிடந்த பாத்திரங்களையும், நிலையில் தொங்கிய மாவிலையையும், உள்ளே நின்ற இசக்கியையும் பார்த்தாள். பிறகு மாரீஸ்வரியைப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள யாரு?"

"ஒரு நிமிசம் இரு நஸீரா. சொல்லுதேன்."

"வாய் காஞ்சு கெடக்கு" என்றாள் மதீனா பீவி யாரிடம் என்றில்லாமல்.

அவ்வளவுதான். உள்ளே போன இசக்கி ஒரு பெரிய தம்ளர் நிறையப் பாலோடு வெளியே வந்தாள். தான்தான் இந்த வீட்டுக்காரி என்று நாலு பேருக்கும் காட்டிவிட இதைவிட நல்ல தருணம் கிடைக்காது என்று நினைத்தாள் போல.

"இந்தாங்கம்மா. புது வீட்டுப் பாலு. வந்தவிய சும்மா போவக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த ஊசி எல்லோருக்கும் குத்தியது. ஆனால் மாரீஸ்வரி பார்த்தது தம்ளரை. டயாலிசிஸ்காரர்கள் தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டும். ஒரு பெரிய தம்ளர் பால் ஆகவே ஆகாது. மதீனா பீவி ஆசையாகக் கையை நீட்டிவிட்டாள்.

மாரீஸ்வரி பாய்ந்து இசக்கியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பால் தளும்பி இசக்கியின் கையெல்லாம் வழிந்தது.

"என் கையால பாலு குடுத்தாக்கூட ஆவாதா ஒங்களுக்கு?" என்று இசக்கி கத்தினாள்.

"அவியளுக்குப் பால் குடுக்கக் கூடாது. ஒடம்பு முடியாதவிய."

சொல்லிக்கொண்டே, சூடுபட்ட கையைத் துடைக்க இசக்கியின் சுடிதார் முழுக்கையை மேலே தள்ளினாள் மாரீஸ்வரி. அது வேலைப் பழக்கம். யாருடைய கை கிடைத்தாலும் முழங்கை வரை துணியைத் தள்ளிவிடுகிற விரல்கள் அவை.

தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்கையின் உள்பக்கமெல்லாம் கன்றிப்போன தடங்கள். நீலம் நேற்றோ முந்தாநாளோ. பச்சை போன வாரத்தது. மஞ்சள் அதற்கும் முந்தியது. நாலு விரலும் ஒரு கட்டைவிரலுமாக அழுத்தம் தெளிவாகப் பதிந்திருந்தது.

இசக்கி வெடுக்கென்று கையை இழுத்துச் சட்டையை இறக்கிவிட்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை. மாரீஸ்வரியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாத்துட்டியள்லா? இப்பம் சந்தோசமா?"

"வெயிலுமுத்து அண்ணனா?"

"யாரா இருந்தா ஒங்களுக்கென்ன?"

"எப்பம்லருந்து?"

"போலீஸ் மாதிரி கேக்காதிய."

"ஒங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"முந்தாநேத்துதான் தெரியும். ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"ஏன் இசக்கி?"

இசக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். பேசியபோது குரலில் அழுகை இல்லை. ஆத்திரம்தான் இருந்தது.

"ஊசிக்காரின்னு ஒங்கள எத்தன பந்தியில வச்சுச் சிரிச்சிருப்பேன்? ஒங்க முன்னால வந்து, மதினி அடி தாங்க முடியல, எனக்கு ஒரு மூலை குடுங்கன்னு நிக்கணுமா நான்? அண்ணன் வீடுன்னு உரிமையோட வந்து உக்காந்துட்டாளாம்னு இருந்துட்டுப் போட்டும். பேராசக்காரின்னு சொல்லுங்க. திருடின்னு சொல்லுங்க. தாங்கிக்கிடுவேன். பாவம்னு மட்டும் சொல்லிராதிய."

"தாராவிக்கு வந்திருக்கலாம்லா?"

"அவன் மொதல்ல வந்து நிக்கது அங்கனதான். ஆட்டோ ஓட்டுறவனுக்கு எந்தச் சந்து தெரியாது? இந்த வீடு ஒண்ணுதான் எங்கன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது." இசக்கி திரும்பினாள். "வெளிய நிக்கவியகிட்ட ஒரு வார்த்த சொன்னிய, அடுத்த நிமிசம் நான் கெளம்பி அவன்கிட்டயே போயிருவேன். அவன் கொன்னாலும் பரவால்ல. ஒங்களால போனேன்னு இருக்கும்."

இரக்கம் வரவேண்டிய இடம் அது. மாரீஸ்வரிக்கு எரிச்சல்தான் வந்தது. அடிபட்டு வந்து நிற்கும்போதும் இவளுக்கு மிரட்டத்தான் தெரிகிறது. ஆனால் அந்த மஞ்சள் தடம் கண்ணைவிட்டுப் போகவில்லை. மாதக்கணக்காக இது நடந்திருக்கிறது. போன மாதம் ஒரு சீமந்தத்தில் இதே முழுக்கைச் சட்டையோடு, இதே வாயோடு, இவள் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. மாரீஸ்வரி கதவைத் திறந்தாள்.

தமிழ்செல்வன் இறங்கினான். தங்கைக்காக எங்கேயோ கேட்டு வாங்கிய கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பியவன், டெம்போவையும் நஸீராவையும் மனைவியையும் ஒரே பார்வையில் கண்டான். சிலிண்டரை இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றான்.

"பிரஸ்ஸுல வேல முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"மாரி, நான் சொல்லணும்னுதான்..."

"இங்கன வாங்க."

தண்ணீர் மோட்டார் ரூம் பக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். மோட்டார் இரைச்சலில் அங்கே பேசுவது யாருக்கும் கேட்காது.

"அவ கையப் பாத்துட்டேன்."

தமிழ்செல்வன் சிலிண்டரை இறக்கி வைத்தான். "அப்பம் ஒனக்கே தெரிஞ்சிட்டு. எந்தங்கச்சி, மாரி. எங்கன போவா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா."

"அவகிட்ட சத்தியம். என்கிட்ட பொய். செக்ரெட்டரிகிட்ட நேத்தே வந்து பேசத் தெரிஞ்சுது. ராத்திரி பக்கத்துல படுத்திருந்தவகிட்ட பேசத் தெரியல."

"சொன்னா நீ ஒத்துக்கிடுவியா?"

"கேட்டுப் பாத்தியளா?"

அவன் குனிந்து சிலிண்டரை நேராக நிறுத்தினான்.

"ஒரு தடவ, மாரி, ஒன் வீட்டுல இவள வச்சுக்கிடலாமான்னு கேட்டுப் பாத்தியளா? நகையக் கழட்டிக் குடுத்தது நான். நாலு வருசமா வீடு வீடாப் பாத்தது நான். சாவிய எடுத்துக் குடுக்கும்போது மட்டும் அது ஒங்க வீடாயிட்டு."

"நம்ம வீடுன்னுதான் நெனச்சேன்."

"நல்லது. நானும் அப்படியே நெனச்சுக்கிடுதேன். ஒங்க தங்கச்சிக்கு என் வீட்டக் குடுத்திட்டிய. நான் ஒங்க வீட்ட வாடகைக்கு விடப்போறேன்."

"எந்த வீட்ட?"

"தாராவி வீட்ட."

தமிழ்செல்வன் அவளைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. அது அவன் அப்பா அவனுக்கு விட்டுப்போன வீடு. ஒரு அறைதான். ஆனால் தரையோடு இருந்தது.

"அப்பம் நாம?"

"நான் இங்கன. இவகூட. நீங்க ஒங்க சௌகரியம் போல. பரண்ல நம்ம சாமானப் பூட்டி வச்சுக்கிடலாம். கீழ அவிய இருக்கட்டும்."

"எங்கப்பா வீடு அது, மாரி. என்னையக் கேக்காம..."

சொன்னவன் தானே நிறுத்திக்கொண்டான். மோட்டாரும் அந்த நேரம் பார்த்து நின்றது. மாரீஸ்வரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் தலையை ஆட்டினான்.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது.

நஸீரா டெம்போவில் சாய்ந்து கைகட்டி நின்றாள். ஜகந்நாதன் தாஹிரிடம் ஏதோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாஹிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நஸீரா, இந்த வீடு இப்பம் முடியாதும்மா. எங்க தாராவி வீட்டத் தாறேன். கீழ் வீடுதான். ஏணி கெடையாது. தாஹிர் வேல பாக்குற பட்டறையும் பக்கத்துலயே. வாடக கொறச்சுக் குடுங்க, போதும்."

"காரணம்?"

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். சமையலறை ஜன்னலில் இசக்கியின் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குடும்பத்துல ஒரு சிக்கல்."

"சிக்கல்" என்று நஸீரா திருப்பிச் சொன்னாள். "இந்தப் பெரியவரு எல்லாத்தையும் வெவரமாச் சொல்லிட்டாரு அக்கா. கமிட்டிக்கு எங்க பேரு புடிக்கலையாம். அத நீங்களே நேரா சொல்லிருக்கலாம். பழைய ரூம காலி பண்ணி, சாவியக் குடுத்து, சாமான ஏத்தி, மாமிய இம்புட்டுத் தூரம் குலுக்கிக் கொண்டாந்த பொறவா சொல்லணும்?"

"அது இல்ல நஸீரா. சத்தியமா அது இல்ல."

"பின்ன எது?"

மாரீஸ்வரி மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். மதீனா பீவியின் வீட்டுக்குப் போகும் காலைகளில், ரத்தம் எடுத்து முடித்ததும் நஸீரா கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்த நஸீரா இப்போது அவளை ஜகந்நாதனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஒங்க வீடு எங்களுக்கு வேணாம்" என்றாள் நஸீரா. "ஏங்க, வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

"எங்கன திருப்பன்னு சொல்லு" என்றான் தாஹிர்.

நாற்காலியில் இருந்த மதீனா பீவிதான் பேசினாள்.

"மாரி, அங்கன ஏணி இல்லைல்லா?"

"இல்லம்மா."

"கக்கூஸ்?"

"நாலு எட்டுல இருக்கு. நடுவுல படி கெடையாது."

"அப்பம் போவோம். ரோசமெல்லாம் நடக்க முடிஞ்சவியளுக்கு. என்னைய ஏத்து தாஹிரு."

தாஹிர் அம்மாவைத் தூக்கினான். தமிழ்செல்வன் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, பின்பக்கம் ஏறிக்கொண்டான். வீட்டைத் திறந்து ஒழித்துக் கொடுக்க அவன் போகத்தான் வேண்டும். சிலிண்டர் மோட்டார் ரூம் பக்கத்திலேயே கிடந்தது.

நஸீரா ஏறுவதற்கு முன் மாரீஸ்வரியிடம் வந்தாள்.

"வாடக மாசம் பொறந்தா கரெக்டா வந்துரும். ஆனா மாமிக்கு ரத்தம் எடுக்க இனி நீங்க வர வேணாம். லேபுல வேற ஆள அனுப்பச் சொல்லிருதேன்."

டெம்போ புகையைக் கக்கிக்கொண்டு வெளியேறியது. மதீனா பீவி மட்டும் ஜன்னலில் கையை ஆட்டினாள்.

ஜகந்நாதன் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். "நல்ல முடிவும்மா. கமிட்டி சார்பா தேங்க்ஸ்."

மாரீஸ்வரி திரும்பினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"உங்களுக்காக எடுத்த முடிவில்ல சார். இந்த வீட்டுக்கு நான்தான் மெம்பர். என் புருசன் இல்ல, என் நாத்தனார் இல்ல. அடுத்த மீட்டிங்குக்கு நான் வருவேன். அவங்க வேண்டாம்னு யார் யார் சொன்னாங்கன்னு பேர் பேராக் கேப்பேன். நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"அதெல்லாம் மினிட்ஸ்ல வர்ற விஷயமில்லம்மா..."

"வர வைப்பேன்."

ஜகந்நாதன் படியேறினார். மாடியில் எட்டிப் பார்த்த தலைகளும் உள்ளே போயின.

அன்று முழுவதும் அந்த ஒற்றை அறையில் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. மாரீஸ்வரி தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள். ஏற்கெனவே துடைத்த தரையைக் கழுவுகிறாளே என்று இசக்கி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மத்தியானம் இசக்கி சோறு பொங்கிச் சாப்பிட்டாள். மாரீஸ்வரி தெருமுனையில் போய் வடாபாவ் வாங்கி வந்து சாப்பிட்டாள். ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்பதற்கு இசக்கி தன் மெத்தையை விரித்தே பதில் சொல்லிவிட்டாள்.

முதல் வீடு. எத்தனை நாள் கனவு கண்டிருப்பாள்! வாடகை வாங்குகிற வீட்டுக்காரியாக இந்த வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று, காலை ரயிலில் நின்றபடியே எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள்! இன்று சொந்த வீட்டுச் சுவரோரம் ஒரு பழைய போர்வையைப் போட்டுக்கொண்டு குடித்தனக்காரியைப் போல உட்கார்ந்திருக்கிறாள். மூக்கை எரித்துக்கொண்டு வந்த அழுகையை, இசக்கி பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே விழுங்கினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. தமிழ்செல்வன்.

"மாரி." அவன் குரல் வறண்டிருந்தது. "மாப்ள வந்திருக்காவ. ஒங்கிட்ட பேசணுமாம்."

மாரீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே இசக்கிக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து போனில் காது வைத்தாள். அவள் மூச்சு மாரீஸ்வரியின் கன்னத்தில் பட்டது.

"தங்கச்சி, நல்லாருக்கியா?" வெயிலுமுத்துவின் குரல் எப்போதும் போலத் தேனாக இருந்தது. "புது வீடு வாங்கிருக்கியாமே? ஊரே பேசுது, எனக்கு மட்டும் சொல்லல பாத்தியா. எங்கன வீடு? அட்ரஸ் சொல்லு. இசக்கியையும் கூட்டிட்டு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்."

"இசக்கி எங்க அண்ணே?"

"வீட்டுலதான் இருக்கா. மீன் கொழம்பு வச்சிட்டிருக்கா."

இசக்கியின் விரல்கள் மாரீஸ்வரியின் தோளில் இறுகின.

"வீடெல்லாம் வாங்கலண்ணே. கடைசி நேரத்துல கைய விட்டுப் போயிட்டு. பேங்குல லோன் குடுக்கல."

தன் வாயால் அதைச் சொல்லும்போது, உண்மையிலேயே அந்த வீடு கைவிட்டுப் போனது போல அவளுக்கே தோன்றியது.

"அடடா" என்றான் வெயிலுமுத்து. "அப்பம் இந்த வீட்ட எதுக்கு வாடகைக்கு விட்டிய? யார் யாரோ சாமான் எறக்கிருக்காவளே. நீ எங்கன இருக்க இப்பம்?"

மாரீஸ்வரி அதை யோசித்து வைத்திருக்கவில்லை.

"காட்கோபர்லண்ணே. ஒரு பேஷண்ட் வீட்டுல. ரொம்ப முடியாதவிய, கூடவே தங்கச் சொல்லிட்டாவ. அதான் அந்த வீடு சும்மா கெடக்க வேண்டாம்னு..."

"காட்கோபரா?" அந்தப் பக்கம் ஆட்டோ சாவி கிலுங்கும் சத்தம் கேட்டது. "நல்லது தங்கச்சி. ஒடம்பப் பாத்துக்க."

போன் வைக்கப்பட்டது.

இசக்கி விலகிப்போய்க் கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். அவள் நன்றி சொல்வாள் என்று மாரீஸ்வரி எதிர்பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பொய் சொல்லத் தெரியல ஒங்களுக்கு" என்றாள் இசக்கி. "கொரல் நடுங்கிட்டு. அவன் நம்பிருக்க மாட்டான்."

"நம்பலைன்னா நம்பாம போறான். அட்ரஸ் குடுக்கலைல்லா?"

"அட்ரஸ் எதுக்கு அவனுக்கு?" இசக்கி மெத்தையில் உட்கார்ந்து முழுக்கைச் சட்டையை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒங்க லேப் எங்கன இருக்குன்னு அவனுக்குத் தெரியும். எத்தன தடவ சவாரி வந்திருக்கான். நாளைக்குக் காலைல லேப் வாசல்ல ஆட்டோவப் போட்டு நிப்பான். நீங்க வேல முடிஞ்சு எந்தப் பக்கம் போறியன்னு பாத்துட்டே பின்னால வருவான்."

மாரீஸ்வரி காலண்டர் இல்லாத சுவரைப் பார்த்தாள். நாளை திங்கட்கிழமை. விடிவதற்குள் அவள் லேபில் இருந்தாக வேண்டும்.